முக்கோபுரத் தமிழர் மன்றம் பூச்சி பிடித்த கதை

“விளக்கில்லாமல் பொறி கட்டுறதோ? நாங்கள் என்ன, குசினிக்கை எலியோ பிடிக்கப் போறம்?”

“அண்ணை, பைன் ஊசி எல்லாம் காய்ஞ்சு சருகாக் கிடக்கு. அதுக்கு நடுவிலை குத்துவிளக்கைக் கொளுத்தினால் பயர் றக் வந்து நிக்கும்.”

“வரட்டுமே. வாறவைக்கும் ஒரு பொன்னாடையைப் போட்டு விடுவம்.”

“விளக்கு இருக்கட்டும். ஐஞ்சு முகம், ஐஞ்சு பேர். ஆர் ஆரெண்டு இப்பவே சொல்லுங்கோ. பொங்கல் விழாவிலை எனக்கு ஒரு திரியும் தரேல்லை. தீப்பெட்டியைப் பிடிச்சுக்கொண்டு நிக்கச் சொன்னவை.”

“புனிதக்கா, தீப்பெட்டி பிடிக்கிறதும் ஒரு கௌரவம்தானே.”

“அப்ப இந்த முறை அந்தக் கௌரவத்தை நீர் எடும்.”

இரண்டாம் கட்டடத்தின் பார்ட்டி ரூம் கதவுக்கு வெளியே, ஒரு காட்போட் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குணவதி நின்றாள். பெட்டிக்குள் பொறிகள் இருந்தன. உள்ளே போய், “இதுகளை மரத்திலை கட்டலாமோ?” என்று ஒரு வார்த்தை கேட்டு, “ஓம்” என்று ஒரு வார்த்தை வாங்கிக்கொண்டு, மகள் வேலையால் வருவதற்கு முன் உலையை வைத்துவிடலாம் என்றுதான் வந்திருந்தாள். வந்த நேரத்துக்கு உலை வைத்திருந்தால் சோறு வடித்திருக்கலாம்.

விஷயம் இதுதான். டோர்செட் பார்க்கில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் மூன்று அப்பார்ட்மென்ட் கட்டடங்களில் ஒன்றின் மூன்றாம் மாடியில் குணவதி குடியிருக்கிறாள். பல்கனிக் கதவைத் திறந்தால் எதிரே பைன் மரங்கள் வரிசையாக நிற்கும். மரங்களுக்கு அந்தப் பக்கம் நானூற்றொன்று நெடுஞ்சாலை. அவளுடைய மனிசன் சச்சிதானந்தனுக்குப் பிறம்ரனில் ஒரு வெயார்ஹவுசில் இரவு வேலை. ஊர் எழும்புகிற நேரம் வந்து படுப்பார். அந்த மனிசனுடைய நித்திரை முழுக்க அந்தப் பைன் மரங்களின் கையில்தான் இருந்தது. வெயிலை மறைப்பதும் அவைதான், லொறிச் சத்தத்தை விழுங்குவதும் அவைதான்.

போன வருடம் மயிர்க்கொட்டிப் புழுக்கள் வந்தன. மேப்பிளைத் தின்றன. மேப்பிள் சிரித்துக்கொண்டு மறுபடி தளிர்த்தது. பிறகு பைனில் ஏறின. பைன் அப்படியில்லை. ஊசியெல்லாம் போனால் திரும்பத் தளிர்க்காது, நின்ற நிலையிலேயே பட்டுப்போகும். வரிசையின் அந்தலையில் நின்ற ஒரு மரம் அப்படித்தான் போனது. அந்த இடைவெளியால் வந்த வெயில் சரியாகச் சச்சிதானந்தனின் முகத்தில் விழுந்தது. அந்தக் கிழமையே அவர் வேலையில் போர்க்லிப்டில் இருந்தபடி கண்ணயர்ந்து, தலையணைப் பெட்டிகள் அடுக்கிய தட்டு ஒன்றைச் சரித்துவிட்டார். “நல்லகாலம், தலையணை” என்று சுப்பவைசர் சொல்லி விட்டுவிட்டார். அடுத்த முறை தட்டில் என்ன இருக்கும் என்று ஆருக்குத் தெரியும்?

கட்டட நிர்வாகம் தீர்மானமாகச் சொல்லியிருந்தது. வருகிற வருடமும் இப்படிப் புழு வந்தால் எல்லா மரத்தையும் வெட்டி, பார்க்கிங் போடுவோம். அதற்குத் தாரும் கீறிய கோடும் போதும்.

மரங்களைப் பார்க்க நிர்வாகம் அமர்த்தியிருந்த பெண்ணின் பெயர் பேர்ணடெற். தாய் மன்னார்ப் பக்கம், பிள்ளை பிறந்தது இங்கே. அவள்தான் குணவதிக்குப் பெட்டியைக் கொடுத்தாள்.

“அன்ரி, ஆடு மாதிரித் தின்னுறது புழு. ஆனா புழுவைப் பிடிச்சு முடியாது. ஜூலையிலை அது அந்துப்பூச்சியா மாறும். பெண் பூச்சிக்குப் பறக்கேலாது, மரத்திலையே இருக்கும். ஆண் பூச்சி பகல் முழுக்கப் பறந்து அதைத் தேடும். இந்தப் பொறிக்குள்ளை பசை இருக்கு. இந்தச் சின்னப் பட்டியிலை பெண் பூச்சியின்ரை வாசம் இருக்கு. எங்களுக்கு மணக்காது. அதுகள் தூரத்திலை இருந்தே தேடி வரும். வந்து ஒட்டும். தட்ஸ் இற்.”

“மறுகா?”

“மறுகா கல்யாணம் இல்லை, முட்டை இல்லை, புழு இல்லை. ஒரே ஒரு விஷயம். பட்டியைக் கையாலை தொடாதேங்கோ, கிளவுஸ் போடுங்கோ. உடுப்பிலை பட்டால் தோய்ச்சாலும் போகாது. சீரியஸ்லி. என்ரை பழைய ஜக்கெற்றை இப்பவும் பூச்சி தேடி வருது.”

தனி ஆட்கள் மரத்தில் எதையும் கட்டக் கூடாது, அங்கீகரிக்கப்பட்ட குடியிருப்பாளர் அமைப்பு ஒன்றுதான் கட்டலாம் என்று நிர்வாகத்தில் ஒரு சட்டம் இருந்தது. மூன்று கட்டடத்துக்கும் சேர்த்து இருந்த அமைப்பு ஒன்றே ஒன்று. முக்கோபுரத் தமிழர் மன்றம்.

மன்றத்தின் தலைவர் தங்கத்துரை. ஒரு காலத்தில் முதலாம் கட்டடத்தில் இருந்தவர், இப்போது பக்கத்து நகரமான மார்க்கத்தில் தனி வீடு. ஆனாலும் பதவியை மட்டும் இங்கேயே விட்டுவிட்டுப் போக மனம் வராமல் வைத்திருந்தார். செயலாளர் நிரூபன். மைக்கைக் கண்டால் அவருக்குக் குரல் மாறும். பொருளாளர் புனிதவதி. மன்றத்தின் சொத்து முழுவதும் ஒரு பெரிய சூட்கேசில் அவர் வீட்டில் இருந்தது. குத்துவிளக்கு, எண்ணெய்ப் போத்தல், கற்பூரம், ஒரு மைக், பொன்னாடைகள். பொன்னாடைகள்தான் அதிகம்.

கதவு திறந்தது. செயலாளருக்குப் போனில் முன்பே சொல்லியிருந்ததைக் குணவதி நேரிலும் சொன்னாள். தலைவர் கண்ணை மூடிக் கேட்டார்.

“தங்கச்சி, அருமையான விஷயம். ஆனா மன்றம் ஒரு காரியம் செய்யிறதெண்டால் அதுக்கொரு முறை இருக்கு. மரத்திலை ஏறிக் கட்டிப்போட்டு இறங்கினால் அது வேலை. நாங்கள் செய்யிறது சேவை. சேவைக்கு அங்குரார்ப்பணம் வேணும்.”

உடனே ஊசியிலை மரப் பாதுகாப்பு உபகுழு உருவானது. அதற்குத் தலைவர், துணைத்தலைவர், இணைத் துணைத்தலைவர், காப்பாளர், மதியுரைஞர் எல்லாரும் ஒரே மூச்சில் தெரிவானார்கள். பொறி கட்டுவதற்கு ஒருவரும் தெரிவாகவில்லை. குணவதிக்கும் ஒரு பொறுப்புக் கொடுத்தார்கள். வடை.

“பெண் பூச்சியின்ரை வாசம் எண்டு நிகழ்ச்சியிலை சொல்லேலாது,” என்றார் நிரூபன். “பிள்ளையள் இருக்குங்கள். ‘இயற்கைக் கவர்ச்சிக் காரணி’ எண்டு நான் சமாளிக்கிறன்.”

திகதி வைப்பதில்தான் பெரிய சிக்கல் வந்தது. பேர்ணடெற் ஜூலை நடுப்பகுதி என்று சொல்லியிருந்தாள். புனிதவதி கலண்டரை விரித்தார்.

“அது ஆடி! ஆடியிலை ஆரும் நல்ல காரியம் தொடங்குவினமோ? ஆவணிக்கு வைப்பம்.”

“அக்கா, ஆவணிக்குள்ளை பூச்சி முட்டையும் போட்டிட்டுச் செத்துப் போகும்,” என்றாள் குணவதி.

“சாகிறது நல்லதுதானே?”

“முட்டை இருக்குமெல்லே.”

“பூச்சி கொஞ்சம் பொறுக்காதோ?” என்று தலைவர் உண்மையாகவே கேட்டார். “எல்லா விழாவுக்கும் சனம் பொறுத்திருக்குது. பூச்சிக்கு அப்பிடி என்ன அவசரம்?”

கல்யாணத்துக்கு நிற்கும் பூச்சிக்கு ஆடி என்று எப்படிச் சொல்லி விளங்கப்படுத்துவது? கடைசியில், ஆடி பிறப்பதற்கு முந்திய சனிக்கிழமை, ராகு காலம் கழித்து, அங்குரார்ப்பணம் என்று முடிவானது. மன்றத்தின் சொத்து மன்றத்தின் சூட்கேசில்தான் இருக்க வேண்டும் என்று சொல்லிப் பொறிப் பெட்டியையும் புனிதவதி வாங்கிக்கொண்டார்.

“அக்கா, பட்டியைக் கையாலை தொடக்கூடாதாம்.”

“எனக்குத் தெரியாதே? நான் எத்தினை விழாவுக்குச் சாமான் கட்டினனான்.”

விழா நடந்தது. எல்லாம் முறைப்படி நடந்தது. அகவணக்கம், கனடிய கீதம், தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்பு நடனம். நடனத்தில் சின்னப் பிள்ளைகள் அந்துப்பூச்சி வேடம் போட்டு ஆடினார்கள். பூச்சிகள் சாகிற கட்டத்தில் தாய்மார் பலமாகக் கைதட்டினார்கள். குத்துவிளக்கில் திரிக்குப் பதில் பற்றரி விளக்குப் பூட்டியிருந்தது. ஐந்து முகத்தின் பொத்தானையும் ஐந்து பேர் ஒவ்வொருவராக அமத்தினார்கள். புனிதவதிக்கு இம்முறை ஒரு முகம் கிடைத்தது. ஆனால் அவருடைய பற்றரி எரியவில்லை.

தங்கத்துரை தலைமையுரைக்கு எழும்பினார்.

“நான் பிறந்த ஊரிலை பைன் மரம் இல்லை. ஆனாலும் எனக்குப் பைனிலை உயிர். ஏன்? தலைவர் எண்டால் அப்பிடித்தான் இருக்கோணும். மார்க்கத்திலை என்ரை வீட்டு வாசலிலை இரண்டு ஸ்புரூஸ் மரம் நிண்டது. டிரைவ்வே பெருப்பிக்க வெட்ட வேண்டி வந்திட்டுது. மற்றவன் எண்டால் சும்மா வெட்டியிருப்பான். நான் வேதனையோடை வெட்டினனான். அந்த வேதனைதான் இண்டைக்கு என்னை இஞ்சை கொண்டுவந்து நிப்பாட்டியிருக்கு.”

கைதட்டல். பிரதம விருந்தினர் எட்வேட், காப்புறுதி முகவர், அடுத்ததாக வந்தார்.

“ஒரு மரம் விழுந்தால் ஆருக்கு நட்டம்? யோசியுங்கோ. இந்த மரத்துக்கு ஆயுள் காப்புறுதி எடுக்கேலாது. நான் கேட்டுப் பாத்தனான். ஆனா மரத்துக்குக் கீழை நடக்கிற உங்களுக்கு எடுக்கலாம். என்ரை கார்ட் வடைத் தட்டுக்குப் பக்கத்திலை இருக்கு.”

பிறகு பொன்னாடை. தலைவர் பிரதம விருந்தினருக்குப் போட்டார், பிரதம விருந்தினர் தலைவருக்குப் போட்டார், செயலாளர் காப்பாளருக்குப் போட்டார், காப்பாளர் தன் மச்சானுக்குப் போட்டார். உபகுழுவில் ஒருவர் தோளும் வெறுமையாக இல்லை. குணவதி மட்டும் வடைத் தட்டோடு நின்றாள்.

அப்போதுதான் அது தொடங்கியது. மரப்பக்கமிருந்து மண்ணிறத்தில் ஒரு பூச்சி தள்ளாடித் தள்ளாடி வந்து தலைவரின் தோளில் குந்தியது. பிறகு இன்னொன்று. பிறகு நாலைந்தாகச் சேர்ந்து வந்தன. எட்வேட்டின் கழுத்தைச் சுற்றிச் சில, நிரூபனின் காதுக்குள் போகப் பார்த்த ஒன்று. புனிதவதியின் கையில் மட்டும் வளையல் போட்டதுபோல வரிசையாக.

“பாருங்கோ!” என்று நிரூபன் மைக்கில் உருகினார். “எங்கடை தலைவரை வாழ்த்த இயற்கை அன்னையே சாமரம் வீசுறா!”

தலைவர் அசையாமல் நின்று படம் எடுக்கவிட்டார். மூக்கில் ஒன்று இருந்தபடியே.

கடைசி நிகழ்ச்சியாக, நன்றியுரைக்கும் பிறகு, பாதிச் சனம் காருக்குப் போன பிறகு, பொறிகளைக் கட்டினார்கள். கட்டியது சச்சிதானந்தன். நித்திரையால் எழும்பி, அரைக் கண்ணோடு, வீட்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். “எனக்கொண்டும் போடவேண்டாம், ஏணியை மட்டும் பிடியுங்கோ” என்று கேட்டார். பொன்னாடை போட்டவர்கள் ஏணி பிடித்தால் பொன்னாடை கசங்கும். குணவதிதான் பிடித்தாள்.

ஒரு கிழமை கழித்து அவள் ஒவ்வொரு பொறியாக எட்டிப் பார்த்தாள். ஒரு ஈகூட இல்லை. பசை, கண்ணாடி மாதிரிப் பளபளவென்று சுத்தமாக இருந்தது. ஆனால் மரத்தடியிலே பூச்சிகள் சுழன்றுகொண்டுதான் இருந்தன. பட்டையில் வெள்ளைப் பெண் பூச்சிகள் வந்து குந்தத் தொடங்கிவிட்டன.

அன்று பின்னேரமே மன்றத்தின் வட்ஸ்அப்பில் செயலாளரின் அறிக்கை குரல் பதிவாக வந்தது.

“அன்பான உறவுகளே! நாங்கள் பொறி வைச்சு ஒரு வாரம். ஒரு பூச்சிகூட விழேல்லை எண்ட மகிழ்ச்சியான செய்தியை அறியத் தாறன். விழுறதுக்குப் பூச்சி இருந்தால்தானே? மன்றத்தின்ரை பேரைக் கேட்டே ஓடிட்டுதுகள். இது உலகத் தமிழர் எல்லாருக்கும் கிடைச்ச வெற்றி!”

கீழே கும்பிட்ட கைகளாக வந்து குவிந்தன. குணவதி, “இஞ்சை மரத்திலை பூச்சி இருக்கு” என்று எழுதினாள். அதற்கும் ஒருவர் கும்பிட்ட கை போட்டார்.

அவள் பேர்ணடெற்றைக் கூப்பிட்டாள். பேர்ணடெற் வந்து ஏணியில் ஏறி ஒரு பொறிக்குள் பார்த்தாள். இறங்கி இன்னொன்றைப் பார்த்தாள்.

“அன்ரி, பட்டி எங்கை?”

“ஏன், புனிதக்கா உள்ளை வைக்கேல்லையோ?”

“வாசம் உள்ள பட்டி. ஒண்டிலும் இல்லையே. இது சும்மா பசை போட்ட பேப்பர். வை வுட் தே கம்?”

இருவரும் புனிதவதியின் வீட்டுக்குப் போனார்கள். புனிதவதி பல்கனிக் கதவைச் சாத்தி, துவாயால் இடுக்கை அடைத்துவிட்டு உள்ளே இருந்தார். கண்ணாடிக்கு வெளியே பூச்சிகள் அப்பிக்கொண்டு கிடந்தன.

“பிள்ளை, உதுகள் என்னை விடுகுதில்லை. பஸ் ஸ்ரொப்பிலையும் வருது. கோயில் வாசல் வரைக்கும் வந்தது. ஆரோ செய்வினை செய்துபோட்டினம். அந்தப் பழைய பொருளாளரிலைதான் எனக்குச் சந்தேகம்.”

“அக்கா, பொறிப் பெட்டிக்குள்ளை சின்னப் பக்கெற்றுகள் இருந்ததெல்லே?” என்று கேட்டாள் குணவதி.

“ஓம், பூச்சிப் படம் போட்டு. அதை வீணாக்கேல்லை. சீலைக்குப் பூச்சி உருண்டை வைக்கிறமெல்லே, அது மாதிரி ஒவ்வொரு பொன்னாடைக்குள்ளையும் ஒவ்வொண்டா உடைச்சு மடிச்சு வைச்சனான். பட்டு எல்லே, அந்து அரிச்சிடும். நாப்தலின் மணமும் இல்லை, நல்ல சாமான்.”

பேர்ணடெற் சுவரைப் பார்த்துத் திரும்பினாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துப் புனிதவதி தண்ணீர் எடுக்கப் போனார்.

“இனி வேறை பட்டி எடுக்கேலாதோ?” என்று குணவதி கேட்டாள்.

“ஓர்டர் பண்ணினால் ஆகஸ்ட் கடைசி ஆகும், அன்ரி. அதுக்குள்ளை சீசன் முடிஞ்சிடும். எங்களிட்டை உள்ள வாசம் முழுக்க இப்ப அந்தப் பொன்னாடைச் சோல்களிலைதான் இருக்கு. அதுகளைத் திருப்பி வாங்குங்கோ. துண்டு துண்டா வெட்டிப் பொறிக்குள்ளை வைப்பம்.”

பொன்னாடையைத் திருப்பி வாங்குவதாம். பிறந்தது இங்கே என்பது அந்த ஒரு வசனத்தில் தெரிந்துவிட்டது.

ஆனாலும் குணவதி முயன்றுதான் பார்த்தாள். முதலில் எட்வேட். “அன்ரி, அது என்ரை ஒஃபீசிலை கண்ணாடிச் சட்டத்துக்குள்ளை இருக்கு. கஸ்ரமர் முதல்லை அதைத்தான் பாக்கினம்.” அடுத்தது காப்பாளர். அவர் தன் பொன்னாடையை ஏற்கெனவே இன்னொரு மன்றத்தில் இன்னொருவருக்குப் போட்டுவிட்டார். காப்பாளரின் மச்சான் கேள்வியை முடிக்கவே விடாமல் போனை வைத்துவிட்டார். மார்க்கத்தில் தங்கத்துரை அவளைக் கராஜுக்குள் வைத்துத்தான் சந்தித்தார். வெளியே அவருடைய காரின் நிறம் தெரியவில்லை.

“தங்கச்சி, போட்ட பொன்னாடையைக் கழட்டிக் கேட்ட வரலாறு எங்கடை இனத்திலை இருக்கோ? எனக்கு இப்ப வெளியிலை போக ஏலாமல் இருக்கு, உண்மை. சேவிங் லோஷன் மாத்திப் பாத்திட்டன். ஆனா பூச்சி வருதெண்டதுக்காக மரியாதையைக் கழட்டேலாது. வெட்டுறதோ? துண்டு துண்டாவோ? ஆரின்ரை யோசினை இது? மற்ற மன்றக்காரர் சொல்லி விட்டவையோ?”

அவள் பஸ்ஸில் திரும்பி வந்தாள். வீட்டுக்குள் நுழைந்தபோது சச்சிதானந்தன் கட்டிலில் எழும்பி இருந்தார். முகத்தில் அந்த இடைவெளி வெயில்.

“என்னவாம்?”

“தரமாட்டினமாம்.”

“இஞ்சை பார் குணம், பட்டி இல்லாட்டி விடு. நான் கண்ணுக்குத் துணி கட்டிப் படுக்கிறன்.”

“காதுக்கு?”

போன கிழமை மறுபடி வேலையில் கண்ணயர்ந்ததை அவர் இவளுக்குச் சொல்லவில்லை. ஆனால் அவருடைய கூட்டாளியின் மனிசி கடையில் வைத்துச் சொல்லிவிட்டாள்.

அடுத்த நாள் பேர்ணடெற் பகிடியாகத்தான் சொன்னாள். “அன்ரி, பூச்சி அவையைத்தானே தேடிப் போகுது. அந்தச் சோல்களைத் தராட்டில் பரவாயில்லை, ஆக்களையே மரத்துக்குக் கீழை கொண்டுவந்து நிப்பாட்டினால் சரி. வெயில் நேரம், ஒரு நாலைஞ்சு மணித்தியாலம். பட் ஆர் வந்து நிப்பினம்?”

குணவதி ஒரு கணம் யோசித்தாள். பிறகு போனை எடுத்தாள்.

“தலைவர் அண்ணை, நான் ஒரு விஷயத்தை நேற்றுச் சொல்ல மறந்திட்டன். பூச்சியை ஒழிச்சதுக்கு வெற்றி விழா வைக்கேல்லையோ? சனம் கேக்குது.”

அந்தப் பக்கம் கராஜுக்குள் ஒரு கதிரை இழுபடும் சத்தம்.

“ஆடி எண்டுதான் பாக்கிறன்…”

“ஆடியிலை தொடங்கத்தானே கூடாது, அண்ணை? இது முடிவெல்லே. எல்லாரும் மரியாதை வாங்கின பொன்னாடையோடை வந்து மேடையிலை இருக்கோணும். ஒவ்வொருத்தரும் பேசோணும். நேரக் கட்டுப்பாடு இல்லை.”

“நேரக் கட்டுப்பாடு இல்லையோ?” என்று தலைவர் கேட்டார். பேனையும் கடதாசியும் தேடும் சத்தம் கேட்டது.

மேடையைச் சச்சிதானந்தனும் குணவதியும் பேர்ணடெற்றும் போட்டார்கள். கதிரைகளை மரங்களுக்கு இடையில் பரவலாக வைத்தார்கள், ஒவ்வொரு கதிரைக்கும் முதுகுப்பக்கம் இரண்டு பொறி தொங்கும்படியாக. பின்னால் பெரிய பனர். உபகுழு உறுப்பினர் அத்தனை பேரின் முகமும் அதில் இருந்தது. கம்பனியில் இருந்து கொண்டுவந்த பசையைப் பேர்ணடெற் தூரிகையால் பனர் முழுக்கப் பூசினாள்.

“வெயிலுக்கு மினுங்கிறதுக்கு,” என்று குணவதி எல்லாருக்கும் சொன்னாள். மினுக்கம் என்றதும் எல்லாருக்கும் திருப்தி.

எட்வேட் கண்ணாடிச் சட்டத்தைத் திறந்து எடுத்துக்கொண்டு வந்தார். காப்பாளர் மற்ற மன்றத்தில் போட்ட பொன்னாடையை, போடப்பட்ட ஆளோடு சேர்த்துக் கூட்டிக்கொண்டு வந்தார். அவரும் பேசுவதாகச் சொன்னார். நல்லது, கதிரை இருந்தது.

மத்தியானம் திரும்பியதும் பூச்சிகள் வந்தன. முதலில் ஒன்றிரண்டு, பிறகு மண்நிறப் புகைபோல. பேச்சாளர்களைச் சுற்றிச் சுற்றி வட்டமிட்டு, வாசம் இருக்கிறது, பெண்ணைக் காணவில்லை என்று குழம்பி, பக்கத்துப் பொறிக்குள் நுழைந்தன. மிச்சம் பனரில் ஒட்டின.

“என்னைக் கேக்கிறவை இருக்கினம்,” என்று தலைவர் பேசினார், “பூச்சியை ஒழிச்சிட்டம் எண்டுறியள், அப்ப இது என்ன எண்டு. நான் சொல்லுறன், இது பூச்சியில்லை. இது நன்றி. தோத்தவன் வந்து வெண்டவனை வணங்குற பண்பாடு. ஒரு தலைவன் பேசேக்கை சனம் எழும்பிப் போகலாம். பூச்சி போகாது. நான் எத்தினையோ மேடை கண்டனான். கடைசி வசனம் வரைக்கும் என்னை விட்டுப் போகாமல் இருந்த முதல் சபை இதுதான்.”

உண்மையில் சனம் போய்விட்டது. வடை முடிந்ததும் போய்விட்டது. மேடையில் இருந்தவர்கள் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. ஒருவர் பேசும்போது மற்றவர்கள் தாங்கள் பேசப்போவதை மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று பேசி முடியவில்லை. காப்பாளரின் மச்சான் தலைவரைவிடக் கூட நேரம் எடுத்துவிட்டார் என்று பிரச்சினை வந்தது. அதைச் சரிக்கட்ட அடுத்த சனிக்கிழமையும் விழா. அதில் எட்வேட்டுக்குக் குறைந்துவிட்டது. அதற்கடுத்த சனிக்கிழமை. பூச்சிக்காலம் முடியும்வரை அவர்கள் பேசினார்கள். குணவதி ஒவ்வொரு சனிக்கிழமையும் நிறைந்த பொறிகளைக் கழற்றி, புதிய பொறிகளைத் தொங்கவிட்டாள். பனரில் தலைவருக்கு முதலில் மீசை வந்தது, பிறகு தாடி, கடைசியில் ஒருவருக்கும் முகமே இல்லை. எல்லாரும் ஒரே மாதிரி இருந்தார்கள். பனரைப் பார்த்த நிரூபன், “ஒற்றுமை” என்று மைக்கில் விளக்கம் சொன்னார்.

செப்டெம்பரில் பேர்ணடெற் ஒவ்வொரு மரமாகச் சுற்றிவந்து, பட்டையைத் தடவித் தடவிப் பார்த்தாள். போன வருடம் பட்டை தெரியாமல் அப்பிக் கிடந்த முட்டைப் பொட்டலங்கள் இந்த முறை அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருந்தன. பூச்சிக் கூட்டமே கொஞ்சம் ஓய்கிற வருடமாகவும் இருக்கலாம், ஆனால் பொறிகளும் வேலை செய்திருக்கின்றன என்றாள். நிர்வாகத்திடம் போய், வெட்டவேண்டாம், அடுத்த கோடையையும் பார்ப்போம் என்று சொன்னாள். அவர்கள் சரி என்றார்கள்.

குணவதி வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொல்லக் கதவைத் திறந்தாள். சச்சிதானந்தன் குறட்டை விட்டுக்கொண்டு கிடந்தார். எழுப்பவில்லை. இடைவெளி வெயில் முகத்தில் விழாமல் கட்டிலை மட்டும் மெல்ல ஒரு பக்கம் தள்ளினாள். மனிசன் கட்டிலோடு சேர்ந்து நகர்ந்தார், குறட்டை நிற்கவில்லை.

மன்றம் ஒரு கூட்டம் வைத்து, பேச்சாற்றலால் பூச்சியை வென்ற உலகின் முதல் அமைப்பு தாங்கள்தான் என்று தீர்மானம் நிறைவேற்றியது. அதே கூட்டத்தில் குணவதி எழும்பி, மரத்தில் இன்னும் கொஞ்ச முட்டை ஒட்டியிருக்கிறது, வசந்தத்துக்கு முன் அதைச் சுரண்டி எடுத்தால்தான் வருகிற வருடம் மரம் தப்பும் என்று சொன்னாள். மிகவும் முக்கியமான விஷயம் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். அதற்கென ஓர் உபகுழு தெரிவானது. உபகுழுவின் முதல் கூட்டம் ஜூன் மாதம். முட்டை பொரிப்பது மே மாதம்.

ஆகவே இதை வாசிக்கிற உங்களிடம், முக்கியமாக அந்த மூன்று கட்டடங்களிலும் இருக்கிறவர்களிடம், நேரே கேட்கிறேன். வருகிற சனிக்கிழமை காலை குணவதியும் சச்சிதானந்தனும் மரத்தடியில் நிற்பார்கள். அவர் வேலையால் வந்து படுக்காமல் நிற்பார். வேண்டியது ஒரு பழைய கரண்டியும், சவர்க்காரத் தண்ணீர் விட்ட ஒரு வாளியும். சுரண்டி வாளிக்குள் போடவேண்டியதுதான், வேறு ஒன்றுமில்லை. மரங்கள் பல, ஆட்கள் இப்போதைக்கு இரண்டு பேர். வரக்கூடியவர்கள் கீழே “வாறன்” என்று எழுதுங்கோ. அந்த ஒரு சொல் போதும். அதற்குமேல் எழுதுகிறவர்களைத் தலைவர் பதவிக்குத் தெரிவு செய்துவிடுவார்கள்.